ஒரே காயம் பட்ட இரண்டு டிரேட் டாலர்கள்

டிரேட் டாலர் என்ற வெள்ளிக் காசைப் படத்தில் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. சரக்கு மூட்டைகளின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து, கடல் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருப்பாள். கையில் ஆலிவ் கிளை. அமெரிக்கா 1873-ல் இந்தக் காசை அடிக்கத் தொடங்கியது முக்கியமாகச் சீன வணிகத்துக்காக. அங்கே மெக்சிகோ வெள்ளிக் காசுக்குத்தான் மவுசு. அதோடு போட்டி போட வேண்டும் என்பதால் எடையையும் மாற்றையும் காசின் மேலேயே பொறித்துவிட்டார்கள்: '420 கிரெயின்ஸ், 900 ஃபைன்'. அதாவது 27.22 கிராம் எடை, ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, மீதி செம்பு.

இந்தக் காசுக்கு இன்னொரு பெயரும் உண்டு. சேகரிப்பவர்களை அதிகம் ஏமாற்றிய காசுகளில் இது முன்வரிசை. அது தெரிந்தேதான் இறங்கினேன். ஒரே விற்பனையாளரிடம் அடுத்தடுத்து இரண்டு வாங்கினேன். இரண்டையும் திருப்பிக் கொடுப்பதற்குள் என்னென்ன செய்தேன், எந்தச் சோதனை எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதல் காசு 1877, எஸ் குறி போட்டது. சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது என்று பொருள். இரண்டாவது 1878, சிசி குறி. நெவாடாவின் கார்சன் சிட்டி. 1877 எஸ் சாதாரணமாகக் கிடைப்பது, தொண்ணூறு லட்சத்துக்கும் மேல் அடித்திருக்கிறார்கள். 1878 சிசி அப்படி இல்லை. அடித்ததே 97,000. அதிலும் பல்லாயிரம் காசுகளை அதே ஆண்டில் மறுபடி உருக்கிவிட்டார்கள். அதனால்தான் முதல் காசைச் சோதித்து, சரி என்று மனசுக்குப் பட்ட பிறகே இரண்டாவதற்குப் பணம் கட்டினேன். அந்த வரிசைதான் தப்பு என்று பிறகு புரிந்தது.

வாங்குவதற்கு முன் படத்தில் பார்க்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். டிரேட் டாலர் 1873 முதல் 1885 வரைதான். அதற்கு வெளியே எந்த ஆண்டு இருந்தாலும் அது போலி, மேலே பார்க்கவே வேண்டாம். புழக்கத்துக்கு அடித்தது 1878-ஓடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பிலடெல்பியாவில் சேகரிப்பாளர்களுக்கென்று பளபளப்பாக அடித்த சிறப்புக் காசுகள் மட்டுமே, அவற்றில் மின்ட் குறி, அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து, இருக்காது. ஆகவே 1880 என்ற ஆண்டும் எஸ் குறியும் சேர்ந்து வந்தால் அப்படி ஒரு காசே கிடையாது. 1884-ல் பத்து, 1885-ல் ஐந்து, அவ்வளவுதான் உலகத்தில். யாராவது பழைய பெட்டியில் 1885 கிடைத்தது என்றால் நல்லபடியாகச் சிரித்துவிட்டு நகரலாம்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். ஆரம்பத்தில் அடித்த காசுகளில் பின்பக்கத்திலுள்ள கழுகின் கால்நகத்துக்குக் கீழே, ஆலிவ் கொத்தில் ஒரு சின்னக் காய் தொங்கும். 1875-ல் பின்பக்கத்தைத் திருத்தினார்கள், காய் போய்விட்டது. 1875, 1876 இரண்டு ஆண்டுகளிலும் இரண்டு வகையும் உண்டு. 1873, 1874 காசுகளில் காய் இருந்தே ஆக வேண்டும். முன்பக்கத்திலும் 1876-ல் ஒரு மாற்றம்: 'லிபர்ட்டி' என்று எழுதிய பட்டையின் முனைகள் முன்பு இடப்பக்கம் பார்த்திருந்தன, பிறகு கீழ்நோக்கித் தொங்கின. போலி செய்பவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. கையில் இருக்கிற ஒரு பின்பக்க அச்சையே எல்லா ஆண்டுக்கும் போட்டுவிடுகிறார்கள்.

என் இரண்டு காசுகளும் இந்தக் கணக்கில் தேறின. 1877-லும் 1878-லும் காய் இருக்கக் கூடாது, இல்லை. பட்டை கீழே தொங்க வேண்டும், தொங்கியது.

முதல் காசு கைக்கு வந்த அன்று ராத்திரியே தராசை எடுத்தேன். 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. சோதிக்கும் முன் அதனோடு வந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன். இந்த ஒரு நிமிட வேலையைச் சோம்பலில் விட்டால் அப்புறம் எடுக்கிற எந்த அளவையும் நம்ப முடியாது. ஒப்பிட இரண்டு காசுகளை எடுத்து வைத்தேன். ஒன்று 1921-ம் ஆண்டு மார்கன் டாலர். மிகச் சாதாரணமானது, ஆனால் சந்தேகமில்லாத அசல். அதுவும் 900 மாற்று வெள்ளி, அதே 38.1 மில்லிமீட்டர் விட்டம், எடை மட்டும் 26.73. இன்னொன்று சில ஆண்டுகளுக்கு முன் நான் ஏமாந்து வாங்கிய போலி டிரேட் டாலர். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது இந்த மாதிரி நாளுக்குத்தான். அசல் ஒன்றும் போலி ஒன்றும் பக்கத்தில் இல்லாமல் மூன்றாவதைச் சோதித்தால், கிடைக்கிற எண்ணை எதோடு ஒப்பிடுவது?

எடை: புதுக் காசு 27.11. மார்கன் 26.68. பழைய போலி 22.4.

கொஞ்சம் தேய்ந்த காசு 0.1 கிராம் குறைவது இயல்பு. பழைய போலி இந்த இடத்திலேயே தோற்றுவிட்டது. எடை குறைவதை விடக் கூடுவதைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். நூற்றைம்பது ஆண்டு புழங்கிய காசு தேய்ந்து எடை குறையும், ஏறாது.

அடுத்து அடர்த்தி. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவில்லை, காசுக்குச் சேதமில்லை, கணக்கு நேரடியானது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட வேண்டும். காசை மெல்லிய நூலில் சுருக்குப் போட்டுத் தண்ணீருக்குள் முழுக இறக்கிப் பிடிக்க வேண்டும். அடியிலும் படக் கூடாது, பக்கத்திலும் படக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் காசின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதால் வகுத்தால் அடர்த்தி.

இதில் இரண்டு இடத்தில் கை தவறும். முதல் தடவை எனக்கு அளவு கொஞ்சம் அதிகமாக வந்தது. குனிந்து பார்த்தால் கழுகின் சிறகு மடிப்பில் கடுகளவு காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குமிழியும் இடத்தை அடைக்கும், கன அளவு கூடிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, காசை ஒரு முறை மெல்ல ஆட்டியதும் போய்விட்டன. இரண்டாவது, பிடித்த கை நடுங்குவது. ஒரு ஸ்டாண்டில் நூலைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் எண் நிலைத்து நின்றது.

புதுக் காசின் கன அளவு 2.63. அதாவது அடர்த்தி 10.31. மார்கன் 2.59, அடர்த்தி 10.30. பழைய போலி 2.66, அடர்த்தி 8.42. சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. 900 மாற்றுக்குக் கணக்குப் போட்டால் 10.31 வர வேண்டும். 8.42 என்பது பித்தளைக்குப் பக்கம். வெளியே வெள்ளி முலாம், உள்ளே பித்தளை. தராசில் 0.01 முன்னே பின்னே போனால் அடர்த்தியில் 0.04 ஆடும். ஆகவே 10.27-க்கும் 10.35-க்கும் நடுவில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம். இரண்டாவது தசமத்துக்கு மேல் இந்தச் சோதனையிடம் கேட்கக் கூடாது.

வெள்ளியோடு ஒத்துப்போகும் அடர்த்தியை ஈயம் கலந்தும் கொண்டுவரலாம், ஈயம் 11.34 ஆயிற்றே. அதற்குத்தான் ஒலி. காசை விரல் நுனியில் நடுவாகத் தாங்கி, மரப் பென்சிலால் விளிம்பில் லேசாகத் தட்டினேன். மார்கன் நீளமாகப் பாடியது. புதுக் காசும் அதே மாதிரி, கொஞ்சம் வேறு சுருதியில். பழைய போலி 'டக்' என்று அடங்கிவிட்டது. மேசையில் போட்டுச் சத்தம் பார்க்கிற பழக்கத்தை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அசலாக இருந்தால் விளிம்பில் நீங்களே ஒரு காயம் போட்டுவிடுவீர்கள்.

காந்தம்: எதுவும் ஒட்டவில்லை. பழைய போலிகூட ஒட்டாது, பித்தளை காந்தத்தில் ஒட்டுமா? ஆனால் நியோடிமியம் காந்தத்தைக் காசின் மேல் வைத்து, காசை 45 பாகை சாய்த்தால் வேறுபாடு தெரியும். வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் காந்தம் நகரும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து காந்தத்தை இழுத்துப் பிடிக்கும். காந்தம் தேனில் இறங்குவது போல் மெதுவாக இறங்கும். மார்கனிலும் புதுக் காசிலும் அப்படித்தான் இறங்கியது. பித்தளைப் போலியில் வேகமாக வழுக்கிவிட்டது. செம்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

அமெரிக்கக் காசுகளில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும். மேலும் கீழும் பிடித்துத் திருப்பினால் மறுபக்கம் நேராக நிற்கும். அதையும் பார்த்தேன், சரியாக இருந்தது.

இதெல்லாம் போதாதென்று முன்பக்கத்தில் ஒரு சீன வணிகர் முத்திரை வேறு. அந்தக் காலத்தில் சீன வணிகர்களும் காசு மாற்றுபவர்களும் வெள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தங்கள் எழுத்தை உளியால் குத்தி அனுப்புவார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முன்பே ஒருவர் இந்தக் காசைச் சோதித்துவிட்டார் என்று மனசு நிறைந்துவிட்டது. லூப் என்கிற சின்ன உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன், ஆனால் அசலாகத்தான் இருக்கும் என்ற முடிவோடு பார்த்தேன். மறுநாள் 1878 சிசிக்குப் பணம் அனுப்பினேன்.

நாணயங்களில் என்னை விட முப்பது ஆண்டு அனுபவம் அதிகமுள்ள ஒரு பெரியவரிடம் அன்று மாலை போனில் எண்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீங்க சொன்னது எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில். வெள்ளியா, இல்லையா. அந்தக் காசை அந்த நாணயச்சாலையில அடிச்சாங்களாங்கிறது வேற கேள்வி. காயத்தைப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னது புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இடையில் அவர் நினைவூட்டிய ஒரு சம்பவத்தையும் தேடிப் படித்தேன். நியூ ஆர்லியன்ஸில் அடித்ததாகச் சொல்லப்பட்ட மார்கன் டாலர்கள் சிலவற்றில் ஓ குறி மட்டும் வழக்கத்தை விடச் சின்னதாக இருக்கும். 1896, 1900, 1902 என்ற மூன்று ஆண்டுகளில் கிடைத்தன. பல காலம் அவற்றை அரிய வகை என்று கொண்டாடினார்கள். தரச்சான்று தரும் நிறுவனங்களே சான்று கொடுத்திருந்தன. 2005-ல் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் அவை பழங்காலத்துப் போலிகள் என்று அறிவித்தது. அவை வெள்ளிதான், அதில் குறையே இல்லை. அவற்றைக் காட்டிக்கொடுத்தது அச்சு. வெவ்வேறு ஆண்டு பொறித்த காசுகளில் ஒரே பின்பக்கத்தின் அடையாளங்கள் திரும்பத் திரும்ப வந்தன. வெள்ளி மலிவாக இருந்த காலத்தில், நல்ல வெள்ளியில் ஒரு டாலர் அடித்தாலே லாபம் இருந்திருக்கிறது.

இரண்டாவது காசு வந்தது. எடை 27.18. தண்ணீரில் 2.64. அடர்த்தி 10.30. ஒலி நன்றாக இருந்தது. காந்தம் மெதுவாக இறங்கியது. இந்த முறை கருவிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, விளக்கையும் லூப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அறை விளக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில் காசைப் பார்த்தால் பாதிதான் தெரியும். ஒரே ஒரு மேசை விளக்கு, மற்ற எல்லாம் அணைத்துவிட்டு, வெளிச்சம் தாழ்வாக ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். காசை அந்த வெளிச்சத்தில் மெல்லச் சுழற்ற வேண்டும். அதிகம் தேயாத அசல் காசில் மினுமினுப்பு சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றி வரும். அச்சு அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்ந்த தடம் அது. என் மார்கனில் அழகாகச் சுற்றியது. புது வரவுகள் இரண்டிலும் மினுமினுப்பு இருந்தது, சுற்றவில்லை. ஒரே இடத்தில் மந்தமாக நின்றது, மணல் பூசிய கண்ணாடி போல. தேய்ந்த காசு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் தேயாத மூலைகளில், எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில்கூட அந்தச் சுழற்சி இல்லை.

அடுத்து எழுத்துகளின் அடிவாரம். பத்து மடங்கு லூப்பில் 'டி', 'ஆர்', 'ஏ' எழுத்துகள் தரையிலிருந்து எழும்பும் கோட்டைப் பார்க்க வேண்டும். மார்கனில் அது சுவர் தரையில் சேர்வது போல் வெட்டாக இருந்தது. இவற்றில் குழைந்து, ஈர மணலில் எழுதியது போல் சரிந்து இறங்கியது. 'ஏ' எழுத்தின் உள்முக்கோணத்தில் ஒரு சின்னப் பரு. விளிம்பின் வரிகள் ஆழம் குறைவு. இவை எல்லாம் சந்தேகங்கள்தான். இவற்றை மட்டும் வைத்து ஒருவரைப் பார்த்து 'நீ விற்றது போலி' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, காயத்துக்கு வருவோம். முதல் காசின் பின்பக்கத்தில், கழுகின் சிறகுக்கும் மேல் எழுத்து வரிசைக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. நகத்தால் கீறியது போல் வளைந்தது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பையில் காசோடு காசு மோதினால் விழும் சாதாரணக் காயம். அதை வந்த அன்றே பார்த்து நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தேன். இரண்டாவது காசை விளக்கடியில் சுழற்றும்போது அதே வெற்றிடத்தில் வெளிச்சம் ஒரு நொடி தடுக்கியது. லூப்பை இறக்கினேன். நகக்கீறல்.

கை நின்றுவிட்டது. முதல் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் ஒரே திசையில், விளக்கு ஒரே பக்கம் இருக்கும்படி நிறுத்திப் படம் எடுத்தேன். போனில் ஒரு படத்தைப் பாதி வெளிர்த்து இன்னொன்றின் மேல் நகர்த்தினேன். சிறகு சிறகோடு பொருந்தியது, எழுத்து எழுத்தோடு பொருந்தியது. நகக்கீறல் நகக்கீறலோடு பொருந்தியது, வளைவு உட்பட. பிறகு தேடத் தேட இன்னும் இரண்டு கிடைத்தன: அம்பு நுனிக்குக் கீழே ஊசி குத்தியது போல் ஒன்று, விளிம்புக்குப் பக்கத்தில் ஒன்று.

ஒரு காசு சான் பிரான்சிஸ்கோவில் 1877-ல் பிறந்ததாகச் சொல்கிறது. மற்றது அடுத்த ஆண்டு, கார்சன் சிட்டியில். டிரேட் டாலரில் மின்ட் குறி இருப்பதே பின்பக்கத்தில்தான், '900 ஃபைன்' என்ற எழுத்துக்குக் கீழே. பின்பக்கம் ஒன்றே என்றால் குறியும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே பின்பக்கம் முழுக்க ஒன்று, குறி மட்டும் வேறு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். இதில்தான் நானும் நெடுநாள் குழம்பியிருந்தேன். ஒரே அடையாளம் இரண்டு காசுகளில் இருந்தாலே போலி என்று முடிவு கட்டக் கூடாது. ஓர் அச்சு ஆயிரக்கணக்கில் காசு அடிக்கும். அச்சில் விரிசலோ கீறலோ விழுந்தால் அது அடிக்கிற ஒவ்வொரு காசிலும் வரும். ஆனால் அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். ஆகவே ஒரே இடத்தில் மேடான கோடு திரும்ப வந்தால் அது அசலுக்கே சாட்சியாகலாம். மார்கன் டாலர்களில் அரிதான 1893 எஸ் இதற்கு நல்ல உதாரணம். அடித்தது ஒரு லட்சம்தான், முன்பக்கத்துக்கு ஒரே ஓர் அச்சுதான். 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி' எழுத்தில் ஒரு மெல்லிய மேட்டுக்கோடு எல்லா அசலிலும் இருக்கும். சாதாரண 1893 காசில் எஸ் குறியை ஒட்டி ஏமாற்றுபவர்களிடம் அந்தக் கோடு இருக்காது.

பள்ளம் வேறு கதை. பள்ளம் என்பது காசுக்குப் பட்ட அடி. புழங்கும்போது, பையில், பெட்டியில் படுவது. இரண்டு காசுகள் ஒரே இடத்தில், ஒரே வளைவில், ஒரே ஆழத்தில், அதுவும் மூன்று மூன்று அடி வாங்காது. யாரோ ஓர் அசல் காசை மாதிரியாக வைத்து அச்சு எடுத்திருக்கிறார்கள். அந்த அசல் காசின் காயம் அச்சில் மேடாகி, அச்சு அடித்த ஒவ்வொன்றிலும் மறுபடி பள்ளமாகிவிட்டது. அந்த அச்சில் எஸ் குறியை எடுத்துவிட்டு சிசி வைத்து அரிய காசாக்கியிருக்கிறார்கள்.

இது தெரிந்த பிறகு காயத்தையே லூப்பில் கூர்ந்து பார்த்தேன். உண்மையில் அடிபட்ட காயத்தின் அடி சுற்றுப்புறத்தை விட வேறு மினுக்கத்தில் இருக்கும், ஒதுங்கிய உலோகம் கரையாக ஒரு பக்கம் எழும்பியிருக்கும். மார்கனில் அப்படி நாலைந்து காட்ட முடியும். என் நகக்கீறலுக்குக் கரையே இல்லை. அடியிலும் சுற்றிலும் ஒரே மந்தமான தோல்.

அப்புறம் அந்தச் சீன முத்திரை. அதையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தேன். உளியால் குத்தினால் எழுத்தைச் சுற்றி உலோகம் வரப்பு போல் புடைக்க வேண்டும், நேர் பின்புறத்தில் கொஞ்சம் தட்டையாகவாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. முத்திரையும் அச்சோடு பிறந்தது. என்னை அதிகம் நம்ப வைத்த அடையாளமே எனக்கு முன்பே பொய்யென்று காட்டியிருக்க வேண்டிய அடையாளம். கண் பார்த்தது, மனசு வேறு பக்கம் இருந்தது.

அசிட்டோனில் நனைத்த பஞ்சால் இரண்டையும் ஒற்றிப் பார்த்தேன். முதல் காசில் இருந்த பழங்காலக் கறுப்பு பஞ்சில் பழுப்பாக வந்தது. அசலிலும் அழுக்கு இப்படி வரலாம், அதனால் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுக் காசைப் பழசாக்குவது புதிய வித்தையும் அல்ல. 1830-ல் இறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் பழங்காலக் கிரேக்க, ரோமானியக் காசுகளைப் போலியாக அடித்துவிட்டு, இரும்புத் தூளும் பிசுக்கும் போட்ட பெட்டியில் அடைத்துத் தன் குதிரை வண்டியில் கட்டி ஊர் சுற்றுவாராம். குலுங்கிக் குலுங்கிப் பழசாகிவிடும். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்குத் திரி பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். இந்தப் பஞ்சு வேலையின் உண்மையான பயன் ஒட்டுக் குறிக்குத்தான். மின்ட் குறியைப் பசையால் ஒட்டியிருந்தால் அசிட்டோனில் பெரும்பாலும் இளகிவிடும்.

ஒட்டு, வெட்டு வகை ஏமாற்றில் காசே அசல் என்பதால் தராசும் தண்ணீரும் பல நேரம் ஊமை. அமெரிக்க 1943 செம்பு செண்ட் இதற்குப் பேர்போனது. போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க அந்த ஆண்டு செண்டுகளைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில தவறுதலாக இயந்திரத்தில் சிக்கி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில வெண்கலக் காசுகள் வந்துவிட்டன. அதைப் போலி செய்ய இரண்டு வழி. எஃகுச் செண்டுக்குச் செம்பு முலாம் பூசுவது ஒன்று: காந்தத்தில் ஒட்டிவிடும், எடையும் 3.11-க்குப் பதில் 2.7 இருக்கும். 1948 செண்டில் 8-ஐச் செதுக்கி 3 ஆக்குவது இன்னொன்று: காந்தம், எடை, உலோகம் மூன்றும் தேறிவிடும். அங்கே 3-ன் வாலைத்தான் பார்க்க வேண்டும். 1943-ன் அசல் 3-க்கு வால் நீளமாகக் கீழே இறங்கும், செதுக்கிய 3-க்கு அந்த நீளம் வராது. எட்டில் இல்லாத உலோகத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

விற்பனையாளருக்கு இரண்டு காசுகளின் படத்தையும், ஒன்றன்மேல் ஒன்று வைத்த படத்தையும், மூன்று காயங்களை வட்டமிட்டு அனுப்பினேன். கோபமாக எதுவும் எழுதவில்லை. அவரே யாரிடமாவது ஏமாந்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது. எடைக்கணக்கை வைத்துக்கொண்டு வாதாட வந்தவர், பள்ளம் மேடு விளக்கத்துக்குப் பிறகு பணத்தைத் திருப்பித் தந்தார். காசுகளையும் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. திருப்பிக் கொடுத்தால் அவை வேறொருவர் கைக்குப் போகும். கொடுக்காவிட்டால் பணம் வராது. அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் பல கோணத்தில் படம் எடுத்து, காயங்களின் இடத்தைக் குறித்து ஒரு கோப்பாக வைத்துக்கொண்டேன்.

இப்போது என் வரிசை மாறிவிட்டது. வாங்கும் முன்பே அந்த ஆண்டு, அந்தக் குறி உள்ள சான்று பெற்ற அசல் காசுகளின் பெரிய படங்களைப் பல மணி நேரம் பார்க்கிறேன். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும் தங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்ட காசுகளின் எண்ணைச் சரிபார்க்க வழி வைத்திருக்கின்றன. பலவற்றுக்குப் படமும் இருக்கும். உறையையே போலி செய்கிறார்கள், ஆகவே எண் இருக்கிறது என்று விடாமல், படத்திலுள்ள காசும் கையிலுள்ள காசும் ஒன்றுதானா என்று கீறல் கீறலாக ஒப்பிட வேண்டும். இங்கேயும் காயம்தான் உதவுகிறது. பிறகு லூப். பிறகுதான் தராசும் தண்ணீரும்.

இரண்டு மாதம் கழித்து வேறொருவர் விற்பனைக்கு வைத்த ஒரு டிரேட் டாலரின் படம் கண்ணில் பட்டது. ஆண்டு 1874. படத்தைப் பெரிதாக்கிக் கழுகின் நகத்துக்குக் கீழே பார்த்தேன். காய் இல்லை. அப்புறம் சிறகுக்கும் எழுத்துக்கும் நடுவில் பார்த்தேன். நகக்கீறல் அதே இடத்தில் இருந்தது.